மூன்றெழுத்து மதுரை லிங்க்கில் 45 எழுத்தாவது எப்படி?

தெற்கு மாசி வீதிப் பக்கம் சுங்குடிச் சேலைக் கடை வைத்திருக்கும் என் மாமா, ஒரு நாள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு லிங்க் போட்டார். தமிழ் விக்கிப்பீடியாவில் மதுரையைப் பற்றிய பக்கம், அவ்வளவுதான். பிரவுசரின் மேல்பட்டையில் 'மதுரை' என்று அழகாகத் தமிழில் தெரிந்ததை அப்படியே காப்பி செய்து ஒட்டியிருக்கிறார். குழுவில் வந்து விழுந்ததோ சதவீதக்குறியும் எண்ணும் ஆங்கில எழுத்துமாக ஒரு பெரிய கொத்து.

பத்து நிமிடத்தில் மூன்று தீர்ப்பு வந்துவிட்டது. "வைரஸ், யாரும் தொட்றாதீங்க" என்றார் அத்தை. "போன்ல தமிழ் ஃபான்ட் இல்ல" என்றார் சித்தப்பா. கம்ப்யூட்டர் படித்த தம்பி ஒருவன், "அது என்கிரிப்ட் ஆகியிருக்கு, பாதுகாப்புக்காக" என்று முடித்துவைத்தான். மாமா எனக்குத் தனியாகப் போன் போட்டு, "மாப்ள, நான் என்னடா தப்புப் பண்ணேன்?" என்று கேட்டார்.

மாமா ஒரு தப்பும் பண்ணவில்லை. மூன்று தீர்ப்பும்தான் தப்பு. ஃபான்ட் இல்லாவிட்டால் கட்டம் கட்டமாகத் தெரியுமே தவிர சதவீதக்குறி வராது. லிங்க் நல்லதா கெட்டதா என்பதைத் தொடக்கத்தில் இருக்கும் தளத்தின் பெயரைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். பின்னால் வரும் சதவீதக்குறிகளுக்கு அதில் பங்கு இல்லை. மூன்றாவது தீர்ப்பு கொஞ்சம் ஆபத்தானது. அதைப் பிறகு பார்ப்போம்.

பழைய எண், புதிய எண்

நம் ஊர் முகவரிகளில் 30/12 என்று கதவு எண் இருக்கும். முப்பது புதிய எண், பன்னிரண்டு பழைய எண் என்று நம் தபால்காரருக்குத் தெரியும். வெளியூர்க்காரர் அதையே முப்பதாம் எண் கட்டடத்தில் பன்னிரண்டாம் வீடு என்று படிக்கலாம். நடுவில் நிற்கும் சாய்கோட்டுக்கு என்ன வேலை என்பது, படிப்பவர் பழக்கத்தைப் பொறுத்தது.

இணைய முகவரியில் அந்தச் சுதந்திரம் கிடையாது. அங்கே சாய்கோட்டுக்கு ஒரே வேலை: ஒரு படியை முடித்து அடுத்த படிக்குள் நுழைவது. மாசி வீதியிலிருந்து ஆவணி மூல வீதிக்கு, அங்கிருந்து சித்திரை வீதிக்கு, அதையும் தாண்டிக் கோவிலுக்குள் ஆடி வீதிக்கு என்று உள்ளே உள்ளே போகிறோம் அல்லவா? ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு சாய்கோடு நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படி உத்தியோகம் பார்க்கும் குறிகள் இன்னும் சில உண்டு. கேள்விக்குறி வந்தால், 'முகவரி முடிந்தது, இனி சர்வரிடம் சொல்ல வேண்டிய விவரம்' என்று பொருள். சர்வர் என்பது மறுமுனையில் இருந்து பக்கத்தை அனுப்பிவைக்கும் கணினி. அந்த விவரம் ஒவ்வொன்றையும் பாராமீட்டர் என்பார்கள்; அதில் ஒரு பெயர், ஒரு மதிப்பு, நடுவில் சமக்குறி. ஒரு பாராமீட்டரையும் அடுத்ததையும் & பிரிக்கும். மாமாவின் கடைப் பக்கத்தில் யாராவது தேடினால் லிங்க்கின் வால் இப்படி இருக்கும்:

?பொருள்=சுங்குடி&நிறம்=சிவப்பு

அப்புறம் # இருக்கிறது. அது பக்கத்துக்குள் எந்த இடத்தில் போய் நிற்க வேண்டும் என்று பிரவுசருக்குச் சொல்வது. அதுவும் அதற்குப் பின்னால் வருவதும் சர்வருக்குப் போகவே போகாது. '#12, இரண்டாவது தெரு' என்று எழுதும் பழக்கம் உள்ளவர்களின் முகவரி பாதியில் காணாமல் போவது இதனால்தான்.

சில்க் காட்டன் தொலைந்த வாரம்

மாமாவுக்கு அந்தக் கடைப் பக்கத்தை எழுதிக் கொடுத்தவன் நான்தான். அதில் ஒரு பிரிவின் பெயர் 'சுங்குடி & சில்க் காட்டன்'. பெயரை அப்படியே லிங்க்கில் செருகிவிட்டேன். யார் அழுத்தினாலும் சுங்குடி மட்டும் வந்தது. சில்க் காட்டன் ஒன்றுகூடத் தெரியவில்லை. ஒரு வாரம் கழித்து மாமாதான் கண்டுபிடித்தார், கடைக்கு வந்த ஒருவர் கேட்டதால்.

நடந்தது இதுதான். சர்வர் அந்த & குறியைப் பெயரின் பகுதியாகப் பார்க்கவில்லை, வேலையில் இருக்கும் குறியாகப் பார்த்தது. 'பொருள்=சுங்குடி' என்பதோடு முதல் பாராமீட்டர் முடிந்தது. 'சில்க் காட்டன்' என்று புதிதாக ஒரு பாராமீட்டர், மதிப்பே இல்லாமல். அப்படி ஒன்றை நான் எங்கும் கேட்கவில்லை என்பதால் நிரல் அதைச் சத்தமில்லாமல் தூக்கிப் போட்டுவிட்டது.

ஆக, பிரச்சினை தமிழில் தொடங்கவே இல்லை. ஒரே குறி சில இடத்தில் வேலைக்காரர், சில இடத்தில் வெறும் பெயர். இரண்டையும் வேறுபடுத்திக் காட்ட ஒரு வழி வேண்டும்.

கள்ளர் கோலம்

சித்திரைத் திருவிழாவில் அழகர் மலையிலிருந்து கிளம்பும்போது கள்ளர் கோலத்தில் வருகிறார். கண்டாங்கி, கொண்டை, கையில் வளைதடி. வழிநெடுக மண்டகப்படி, மூன்றுமாவடியில் எதிர்சேவை. தல்லாகுளம் பெருமாள் கோவிலுக்கு வந்ததும் அந்தக் கோலத்தைக் களைந்து, ஆண்டாள் சூடிய மாலையை ஏற்று, தங்கக் குதிரையில் வைகைக்குப் போகிறார். வழியில் நிற்கும் யாருக்காவது அவர் அழகர் என்று தெரியாமல் இருக்குமா? கோலம் பயணத்துக்கானது. ஆளை மறைப்பதற்கு அல்ல.

லிங்க்கிலும் அதேதான். வேலை பார்க்காமல் வெறும் பெயராகப் போக வேண்டிய குறிக்கு ஒரு பயணக் கோலம் போட்டு அனுப்புகிறோம். சேருமிடத்தில் சர்வர் அதைக் களைந்துவிடுகிறது. கோலம் எப்படிப் போடுவது? முதலில் ஒரு சதவீதக்குறி. பின்னால் அந்தக் குறியின் எண், இரண்டே இடங்களில். இதற்குச் சதவீதக் குறியாக்கம் என்று பெயர். இப்போது நடைமுறையில் இருக்கும் விதியை 2005இல் டிம் பெர்னர்ஸ்-லீ, ராய் ஃபீல்டிங், லாரி மாசின்டர் மூவரும் எழுதினார்கள்; வழக்கம் அதற்கும் முந்தியது, 1994 விதியிலேயே இருக்கிறது.

எண் என்றது கணினியில் ஒவ்வொரு குறிக்கும் உள்ள வரிசை எண். இடைவெளிக்கு 32, & குறிக்கு 38. ஆனால் லிங்க்கில் %38 என்று வராது, %26 என்றுதான் வரும். இங்கே பத்துப் பத்தாக எண்ணாமல் பதினாறு பதினாறாக எண்ணுகிறார்கள். இரண்டு பதினாறும் ஓர் ஆறும் சேர்ந்தால் 38, எனவே 26. இரண்டு பதினாறு மட்டும் என்றால் 32, எனவே இடைவெளி %20. ஒன்பதைத் தாண்டியதும் பத்து முதல் பதினைந்து வரைக்கும் ஏ, பி, சி, டி, ஈ, எஃப் என்ற ஆங்கில எழுத்துகள் வரும். (லிங்க்கைப் போனில் வாசித்துக் காட்டுவதுபோல அவற்றைத் தமிழிலேயே எழுதுகிறேன்.) இப்படி எண்ணினால் 0 முதல் 255 வரை எந்த எண்ணையும் இரண்டே இடத்தில் அடக்கிவிடலாம்.

சரி, சதவீதக்குறியே பெயருக்குள் வந்தால்? ஆடித் தள்ளுபடி 50% என்று எழுதினால்? அதற்கும் கோலம் உண்டு: %25. போடாமல் விட்டால், சர்வர் சதவீதக்குறிக்குப் பின்னால் இரண்டு இடத்தில் எண்ணைத் தேடி, கிடைக்காமல் முழிக்கும்.

எந்த இடத்திலும் கோலம் தேவைப்படாதவை மொத்தம் 66தான்: ஆங்கிலச் சிறிய எழுத்து 26, பெரிய எழுத்து 26, எண்கள் 10, பிறகு புள்ளி, சிறுகோடு, அடிக்கோடு, அலைக்கோடு. மீதி எல்லாவற்றுக்கும் இடம் பார்த்துக் கோலம் போட வேண்டியிருக்கும்.

இதுவரை பார்த்தது: சில குறிகளுக்கு லிங்க்கில் வேலை இருக்கிறது. அதே குறி பெயருக்குள் வந்தால் சதவீதக்குறியும் இரண்டு இட எண்ணுமாக மாறிப் போக வேண்டும். சேருமிடத்தில் அது பழைய உருவத்துக்குத் திரும்பிவிடும்.

தமிழ் எழுத்து எப்படிப் போகிறது?

அந்த 66இல் தமிழ் இல்லை. எனவே தமிழ் எழுத்து ஒவ்வொன்றுமே கோலத்தில்தான் போக வேண்டும். ஆனால் ஒரு சிக்கல். இரண்டு இடத்தில் 255 வரைதான் அடங்கும் என்றோம். தமிழ் எழுத்தின் எண் அதைவிடப் பெரியது.

உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் வரிசை எண் கொடுக்கும் பொதுப் பட்டியல் ஒருங்குறி. யுனிகோட் என்றால் எல்லோருக்கும் தெரியும். அதில் தமிழுக்கு 2944 முதல் 3071 வரை 128 இருக்கைகள். ம என்பது 2990. த என்பது 2980. து என்று தனியாக ஓர் எண் இல்லை. த ஒன்று, உகரக் குறி ஒன்று என்று இரண்டாகத்தான் எண்ணுவார்கள். உகரக் குறிக்கு 3009. ரை அதுபோலவே ர 2992, ஐகாரக் குறி 3016. மூன்றெழுத்து மதுரை இங்கேயே ஐந்தாகிவிட்டது.

ஒருங்குறி எண் கொடுப்பதோடு சரி. அந்த எண்ணைக் கம்பி வழியே அனுப்ப அதைப் பைட்டுகளாக வெட்ட வேண்டும். பைட் என்பது 0 முதல் 255 வரையான ஓர் எண்ணை வைக்கும் பெட்டி. வெட்டும் முறைக்கு யூடிஎஃப்-8 என்று பெயர். கென் தாம்சனும் ராப் பைக்கும் 1992 செப்டம்பரில், அமெரிக்காவின் நியூஜெர்சியில் ஒரு சாப்பாட்டுக் கடை மேசையில், தட்டுக்கு அடியில் விரிக்கும் தாளில் இதை வகுத்தார்கள். நம் ஊர் என்றால் இலையில் எழுதியிருப்பார்கள்.

ம எப்படி வெட்டுப்படுகிறது என்று கையாலேயே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2990ஐ 64ஆல் வகுத்தால் ஈவு 46, மீதியும் 46. முதல் பெட்டியில் 224: 'மொத்தம் மூன்று பெட்டி, சேர்த்துப் படி' என்ற அறிவிப்பு. இரண்டாவது பெட்டியில் ஈவு 46ஓடு 128 கூட்டி 174. மூன்றாவதில் மீதி 46ஓடு 128 கூட்டி மறுபடி 174. பதினாறு கணக்கில் 224 என்பது ஈ0, 174 என்பது ஏஈ. ஆக ம லிங்க்கில் போகும் கோலம்:

%ஈ0%ஏஈ%ஏஈ

உகரக் குறிக்கும் போட்டுப் பாருங்கள். 3009ஐ 64ஆல் வகுத்தால் ஈவு 47, மீதி 1. எனவே 224, 175, 129, அதாவது %ஈ0%ஏஎஃப்%81.

ஏன் 128 கூட்ட வேண்டும்? எனக்கு இந்த வடிவமைப்பில் மிகவும் பிடித்த இடம் இதுதான். சாய்கோடு 47, & 38, கேள்விக்குறி 63 என்று வேலை பார்க்கும் குறிகள் எல்லாமே 128க்குக் கீழே. ஒரு தமிழ் எழுத்தின் மூன்று பெட்டியில் எதைத் தனியாகத் திறந்தாலும் 128க்குக் கீழே ஓர் எண் வராது. எந்தத் தமிழ் எழுத்தின் வயிற்றுக்குள்ளும் தவறிப்போய் ஒரு சாய்கோடு ஒளிந்திருக்க வழியில்லை.

இன்னொரு வேடிக்கை. தமிழின் 128 இருக்கைகளையும் 64ஆல் வகுத்தால் ஈவு 46 அல்லது 47தான் வரும், வேறு வராது. அதனால் ஒரு லிங்க்கில் ஈ0 ஏஈ, ஈ0 ஏஎஃப் என்று மாறி மாறி வந்தால் அது தமிழ்தான் என்று பார்த்தவுடன் சொல்லிவிடலாம். மாமாவுக்கு இதைச் சொன்னதிலிருந்து வருகிற லிங்க்கையெல்லாம் சோதித்துக்கொண்டிருக்கிறார்.

மதுரைக் கணக்கு இப்போது முடியும். எழுத்து 3, ஒருங்குறி எண் 5, பைட் 15, ஒவ்வொரு பைட்டுக்கும் லிங்க்கில் மூன்று இடம், ஆக 45. 'மீனாட்சி அம்மன் கோயில்' என்றால் நடுவில் உள்ள இரண்டு இடைவெளியையும் சேர்த்து 186. ஆங்கிலத்தில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 160 எழுத்துதான் என்பதை நினைத்துப் பாருங்கள். கோவில் பெயரே ஒரு எஸ்எம்எஸ்ஸுக்குள் அடங்காது.

பைட்டுகளைப் பெற்றுக்கொண்ட நிரல், அவை யூடிஎஃப்-8 என்று அறியாமல் ஒவ்வொரு பைட்டையும் பழைய ஐரோப்பிய எழுத்து அட்டவணையில் தேடிப் படித்தால் என்ன ஆகும்? 224க்குத் தலையில் கீற்று போட்ட ஆங்கில ஏ, 174க்கு வட்டத்துக்குள் ஆர் முத்திரை. பழைய தளங்களில் இந்த இரண்டும் திரும்பத் திரும்ப வரும் குப்பையைப் பார்த்திருப்பீர்கள். அது ஃபான்ட் கோளாறு இல்லை. கோலத்தைத் தப்பாகக் களைந்த கோளாறு.

மேல்பட்டையில் தமிழாகத் தெரிந்தது காப்பி செய்ததும் ஏன் மாறியது என்ற மாமாவின் கேள்விக்கும் விடை இங்கே. பட்டையில் தெரிவது நாம் படிப்பதற்கு. காப்பி செய்யும்போது, எங்கே ஒட்டினாலும் உடையாமல் போய்ச் சேரட்டும் என்று பிரவுசர் பயண உருவத்தைக் கொடுக்கிறது. 'புதிய அழைப்பிதழ்' என்று நடுவில் இடைவெளி விட்ட பெயரை அப்படியே லிங்க்கில் அனுப்பிப் பாருங்கள். நீல நிறம் 'புதிய' என்பதோடு நின்றுவிடும்.

தளத்தின் பெயரே தமிழில் இருந்தால், .இந்தியா என்று முடியும் முகவரிகள்போல, அதற்குச் சதவீதக்குறி கிடையாது. அது பியூனிகோட் என்ற வேறு முறையில் 'எக்ஸ்என்' என்று தொடங்கும் ஆங்கிலக் கோவையாகும். அது தனிக் கதை, இங்கே வேண்டாம்.

சுருக்கமாக: தமிழ் எழுத்து முதலில் ஒருங்குறி எண்ணாகிறது, பிறகு அந்த எண் ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8 முறையில் மூன்று பைட்டாகிறது, கடைசியில் ஒவ்வொரு பைட்டும் சதவீதக்குறி போட்டுக்கொள்கிறது.

கூட்டல்குறியின் இரட்டை வாழ்க்கை

மாமா கடைக்கு ஆர்டர் போடும் படிவத்தில் ஒருவர் தன் எண்ணை +91 என்று தொடங்கி எழுதினார். அந்த விவரத்தை நான் ஒரு லிங்க்காகக் கோத்து அடுத்த பக்கத்துக்கு அனுப்பினேன். அங்கே கூட்டல்குறியைக் காணோம், அந்த இடத்தில் ஓர் இடைவெளி.

காரணம் ஒரு பழைய வழக்கம். இணையப் படிவங்கள் விவரத்தை அனுப்பும்போது இடைவெளிக்கு %20 போடாமல் ஒரு கூட்டல்குறி போடும். எனவே கேள்விக்குறிக்குப் பின்னால் கூட்டல்குறியைக் கண்டால் பெரும்பாலான சர்வர்கள் அதை இடைவெளி என்றே எடுத்துக்கொள்ளும். கேள்விக்குறிக்கு முன்னால் வந்தாலோ அது வெறும் கூட்டல்குறிதான். ஒரே லிங்க்கில் இரண்டு சட்டம்! யோசித்துச் செய்ததாக எனக்குத் தோன்றவில்லை, ஆனால் இனி மாறவும் போவதில்லை. நிஜமான கூட்டல்குறி வேண்டுமானால் %2பி என்று அனுப்ப வேண்டும்.

கோலத்தின் மேல் கோலம்

நிரல் எழுதத் தொடங்குபவர்கள் அதிகம் வழுக்கி விழும் இடம் இது. ஒருவர் ஏற்கெனவே கோலம் போட்டுவிட்டார். அது தெரியாமல் அடுத்தவர் மறுபடி போடுகிறார். %20இல் உள்ள சதவீதக்குறி %25 ஆகி, மொத்தமாக %2520 என்று நிற்கும். சேருமிடத்தில் ஒரு முறைதான் களைவார்கள். மிஞ்சுவது %20 என்ற எழுத்துகள். வாடிக்கையாளர் பெயருக்கு நடுவில் அது அப்படியே பில்லில் அச்சாகும். %25 என்று தொடங்கும் கொத்துகளைக் கண்டால் முதலில் இந்தச் சந்தேகம் வரட்டும்.

எப்போது போடுவது? ஒவ்வொரு மதிப்பையும் தனித்தனியாகக் கோலம் போட்டு, அதற்குப் பிறகு &, = வைத்துக் கோக்க வேண்டும். முழு லிங்க்கையும் கோத்துவிட்டுக் கடைசியில் மொத்தமாகப் போட முடியாது. அந்த நேரத்தில் எந்த & வேலைக்காரர், எந்த & பெயர் என்று கண்டுபிடிக்க எந்தக் கணினிக்கும் வழியில்லை. பிரவுசரில் ஓடும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்ட்டில் இதற்கென்று இரண்டு ஃபங்ஷன்கள் (ஆயத்தக் கட்டளைகள்) இருக்கின்றன. 'என்கோட் யூஆர்ஐ' என்பது முழு முகவரிக்கானது; &, =, ?, # எதையும் தொடாது. 'என்கோட் யூஆர்ஐ காம்பொனென்ட்' தனி மதிப்புக்கானது, அவற்றையும் மாற்றிவிடும். சில்க் காட்டன் தொலைந்த வாரம் நான் போட்டிருந்தது முதலாவது. பெயர் சின்னதாக இருந்தது, அதனால் போட்டேன், வேறு காரணம் இல்லை. 'எஸ்கேப்' என்று பழைய ஃபங்ஷன் ஒன்றும் உண்டு. அது தமிழ் எழுத்துக்கு யூடிஎஃப்-8 இல்லாத வேறொரு வடிவத்தைக் கொடுக்கும். அதன் பக்கமே போக வேண்டாம்.

பூட்டு அல்ல

இப்போது தம்பியின் தீர்ப்பு. 'என்கிரிப்ட் ஆகியிருக்கு' என்பது ஏன் ஆபத்து? பூட்டியிருக்கிறது என்று நம்பி லிங்க்கில் எதையாவது வைத்துவிடுவார்கள். போன் எண், ஆதார் எண், சில சமயம் கடவுச்சொல்லே கூட. என்கிரிப்ஷனில் சாவி இருக்கும். சாவி இல்லாதவருக்குத் திறக்காது. சதவீதக் குறியாக்கத்தில் சாவியே இல்லை. மேலே நாம் வகுத்ததைத் திருப்பிப் பெருக்கினால் எழுத்து வந்துவிடும். எச்டிடிபிஎஸ் என்று தொடங்கும் முகவரிகளில் வழியில் நடக்கும் என்கிரிப்ஷன் வேறு சமாச்சாரம். அது இருந்தாலும் லிங்க் உங்கள் பிரவுசர் வரலாற்றில் கிடக்கும், சர்வரின் பதிவேட்டில் கிடக்கும், நீங்கள் ஃபார்வர்ட் செய்த குழுவிலெல்லாம் கிடக்கும்.

கோவிலுக்கு இரண்டு உருவம்

கடைசியாக ஒரு நுணுக்கம், தமிழுக்கென்றே வருவது. கோ என்ற எழுத்தைக் கணினியில் இரண்டு விதமாக எழுதலாம். க, பின்னால் ஓகாரக் குறி என்று இரண்டு எண்ணாக. அல்லது க, ஏகாரத்தின் இரட்டைக் கொம்பு, கால் என்று மூன்று எண்ணாக. திரையில் இரண்டுக்கும் துளி வித்தியாசம் தெரியாது. லிங்க்கில் ஒன்று 18 இடம், மற்றது 27. கண்ணுக்கு ஒன்றாகவே தெரியும் இரண்டு 'கோயில்' லிங்க்குகளில் ஒன்று திறக்கும், மற்றது 'பக்கம் இல்லை' என்னும். கொ, கௌ எழுத்துகளுக்கும் இதே கதி.

இதற்கு மருந்து, கோலம் போடுவதற்கு முன்பே உரையை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருவது. அதை நார்மலைசேஷன் என்பார்கள். என்எஃப்சி என்ற வகையைத் தேர்ந்தெடுத்தால் மூன்று எண்ணாக வந்த கோ இரண்டாகச் சுருங்கிவிடும். ஏறக்குறைய எல்லா நிரல்மொழியிலும் ஒரு வரி வேலை.

மாமா அதையும் கேட்டுவிட்டு, "அப்ப நான் கோயில்னு தேடுனா கோவில்னு எழுதுனவன் பக்கமும் வந்துருமா?" என்றார். வராது மாமா. அது எழுத்துக் கூட்டல் தகராறு, யூடிஎஃப்-8 தீர்த்துவைக்காது. இந்தக் கட்டுரையிலேயே நான் இரண்டையும் எழுதியிருக்கிறேன்.